மார்ட்டிங்கேலா, சைட் ரெய்னா, டிரா ரெய்னா: பயிற்சிக் குதிரைக்கு எதைக் கட்டுவது?

தலையைத் தூக்கி அடிக்கும் குதிரை, லகானைத் தொட்டதும் மூக்கை வானத்துக்கு நீட்டும் குதிரை, ஓட ஓட முதுகைப் பள்ளமாக்கிக்கொள்ளும் குதிரை. இவற்றில் ஏதாவது ஒன்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: மார்ட்டிங்கேல் போடலாமா, சைட் ரெய்ன் போதுமா, பேசாமல் டிரா ரெய்ன் வாங்கிவிடலாமா? மூன்றுமே குதிரை தலையைத் தூக்காமல் இருக்கக் கட்டும் வார்கள். லாயத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். தன் குதிரையின் தலையை எது இறக்கியதோ அதைத்தான் ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

தலை எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது. தலையை இறக்க இந்தக் கருவிகள் எல்லாவற்றாலும் முடியும். நாம் பார்க்க வேண்டியது வேறு. குதிரை இடறினால், மிரண்டால், வாய் வலித்தால் அந்தக் கருவி அதை விடுமா? விடுகிற அதிகாரம் குதிரையிடம் இருக்கிறதா, நம் கையில் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதையும் கட்டுவதற்கு முன்னால்

குதிரை காரணமில்லாமல் தலையைத் தூக்காது. கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். சில குதிரைகளுக்கு முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஒரு சிறு பல் முளைத்திருக்கும். வாய்க்குள் வைக்கும் கடிவாளக் கம்பியான பிட் அதில் இடித்தால் தலை மேலேதான் போகும். கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் சேணம் அழுத்தலாம். பிட் சின்னதாக இருந்து உதட்டோரத்தைக் கிள்ளலாம். சவாரி செய்பவரே சமநிலைக்காக லகானில் தொங்கிக்கொண்டிருக்கலாம், இதுவும் நிறைய நடக்கிறது.

வலியால் தலை தூக்கும் குதிரையின் தலையைக் கட்டி இறக்கினால் வலி அங்கேயேதான் இருக்கும், அதைச் சொல்ல இருந்த ஒரே வழியையும் நாம் அடைத்திருப்போம். அப்படி அடைபட்ட குதிரை அடுத்ததாகப் பின்னங்காலில் எழும்பும், அல்லது நகராமல் நின்றுவிடும். அதனால் பல் பார்க்கிற கால்நடை மருத்துவர், சேணம் பார்க்கத் தெரிந்தவர், நம் கையைக் கவனித்துச் சொல்லக்கூடிய ஒரு பயிற்சியாளர், இந்த மூன்று பேரையும் தாண்டி வந்த பிறகே கீழே உள்ளதைப் படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்ன விடுதலை. குதிரை எதைச் செய்ததும் அழுத்தம் நிற்கிறதோ அதைத்தான் அது கற்றுக்கொள்ளும். கருவி எதற்காக வாங்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. தாடையை நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டதும் வாய் வலி நிற்கிறதென்றால், அந்தக் குதிரை கற்றுக்கொண்ட பாடம் தாடையை இழுத்துக்கொள்வதுதான்.

இரண்டாவது, அழுத்தம் விழும் இடம். நாக்கு, பல்லில்லாத ஈறு, மூக்கெலும்பு, காதுக்குப் பின்னால் இருக்கும் உச்சி: ஒவ்வொன்றும் தாங்குகிற அளவு வேறு. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்க அதனால் முடியாது என்பதை மூக்குவார் தொடர்பான எதிலும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, அளவு தப்பினால் என்ன ஆகும். ஒரு ஓட்டை கூடக் குறைய மாட்டினால் சும்மா பயனில்லாமல் போகிற கருவி உண்டு, ஆளையும் குதிரையையும் கீழே தள்ளுகிற கருவியும் உண்டு. நான்காவது, அதைக் கையாள எவ்வளவு தேர்ந்த கை வேண்டும் என்பது.

## ரன்னிங் மார்ட்டிங்கேல்

வயிற்றுவாரிலிருந்து முன்னங்கால்களுக்கு நடுவே வந்து, நெஞ்சில் இரண்டாகப் பிரிந்து, நுனிகளில் வளையங்களோடு முடியும் வார். அந்த வளையங்களுக்குள் லகான் ஓடும். கழுத்தைச் சுற்றி ஒரு தாங்குவார். குதிரை தலையை அளவுக்கு மேல் தூக்கினால் மட்டும் வளையம் லகானைக் கீழே பிடிக்கும்; தலை இறங்கிய நொடியில் பிடி போய்விடும். மற்ற நேரமெல்லாம் அது இருப்பதே குதிரைக்குத் தெரியக் கூடாது.

அந்தக் கடைசி வரிதான் அளவுக்கான சோதனையும். குதிரை இயல்பாகத் தலையை வைத்திருக்கும்போது பிட்டிலிருந்து நம் கைவரை லகான் ஒரே நேர்க்கோடாகப் போக வேண்டும். வளையம் இருக்கும் இடத்தில் கோடு கீழ்நோக்கி ஒடிகிறதென்றால் வார் குட்டை. மாட்டும்போதே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வயிற்றுவாரை இறுக்கிய பிறகு, இரண்டு வளையங்களையும் சேர்த்துப் பிடித்துத் தோளோரமாகத் தோள்மேட்டை நோக்கி இழுங்கள். தோள்மேட்டுக்கு ஒரு கையகலம் கீழே வந்து நின்றால் தொடங்குவதற்குச் சரியான நீளம். கழுத்துவாருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கை செருகும்படி இடம் வேண்டும். நெஞ்சில் கழுத்துவாரும் மார்ட்டிங்கேல் வாரும் சந்திக்கும் இடத்தில் ரப்பர் தடுப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வார் முன்னங்கால்களுக்கு நடுவே தொங்கி வளைவாக நிற்கும், ஒரு குளம்பு அதில் நுழைய அந்த வளைவு போதும்.

இனி எல்லோரும் அலட்சியமாக விடுகிற இன்னொரு சின்னப் பொருள்: லகான் தடுப்பு. பிட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில், பிட்டிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி, ஒவ்வொரு லகானிலும் செருகும் தோல் அல்லது ரப்பர் துண்டு. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. அது இல்லாத குதிரை தலையைக் குனிந்து உதறும்போது வளையம் லகானில் வழுக்கி முன்னால் ஓடும். லகானைப் பிட்டோடு பிணைக்கும் கொக்கியில் போய் மாட்டும். இப்போது குதிரை தலையை நிமிர்த்தப் பார்க்கிறது, முடியவில்லை. வாயின் ஒரு பக்கம் நேராக வயிற்றுவாரோடு கட்டப்பட்ட நிலை. இழுக்க இழுக்க ஈறு வெட்டுப்படும், பயம் கூடும், பின்னோக்கி ஓடி அப்படியே மல்லாந்து விழவும் கூடும். மேலே உட்கார்ந்திருப்பவர் லகானை எவ்வளவு விட்டாலும் பயனில்லை, சிக்கல் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. லகான் தடுப்பு இரண்டும் இல்லாமல் ரன்னிங் மார்ட்டிங்கேலை மாட்டவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தடை தாண்டும் குதிரைக்கும், வெளியே மேடுபள்ளத்தில் போகிற குதிரைக்கும் ஏற்றது இதுதான். கழுத்தை முன்னால் நீட்ட இது குறுக்கே நிற்காது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் தடை தாண்டும் போட்டிகளில் அனுமதிக்கப்படும் மார்ட்டிங்கேலும் இந்த வகைதான். மறைந்திருக்கும் செலவு என்றால், குட்டையாக மாட்டி அதையே வழக்கமாக்கிக்கொள்வது. அப்புறம் லகானைப் பக்கவாட்டில் விரித்து வழிகாட்ட முடியாது; எப்படிப் பிடித்தாலும் வளையம் கீழே இழுக்கும். இளங்குதிரைக்குத் திருப்பம் கற்றுக்கொடுக்கும் நாட்களில் இது பெரிய இடைஞ்சல்.

## ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல்

இதில் லகானுக்குச் சம்பந்தமில்லை. வயிற்றுவாரிலிருந்து வரும் ஒற்றை வார் மூக்குவாரின் பின்பக்கத்தில் மாட்டப்படும். தலை ஒரு உயரத்துக்கு மேல் போனால் மூக்கெலும்பில் நிற்கும். வாயைத் தொடாது என்பது இதன் பெரிய நன்மை. கை இன்னும் நிலைக்காத சவாரியாளர் லகானைத் தடுமாறி இழுத்தாலும் அந்த இழுப்பை இது பெருக்குவதில்லை.

ஆனால் இது ஒரு முடிவான எல்லை. ரன்னிங் வகையில் நாம் லகானை விட்டால் அதுவும் விட்டுக்கொடுக்கும். இதில் விட எதுவுமில்லை. இடறி விழப்போகும் குதிரை உடம்பை மீட்கத் தலையையும் கழுத்தையும் வீசி எழும்பும். அந்த வீச்சுக்கு இடமில்லாத அளவு குட்டையாக இருந்தால் விழுவது உறுதி. ஆழமான தண்ணீரில் இறங்கப்போகிறீர்களா, கழற்றிவிடுங்கள். நீந்தும் குதிரைக்கு மூக்கை உயர்த்தியே ஆக வேண்டும்.

அளவு: குதிரை இயல்பாக நிற்கும்போது வாரைக் கீழிருந்து மேலே தள்ளினால் அது தாடையும் கழுத்தும் சேரும் தொண்டை வளைவைத் தொட வேண்டும். மாட்டுவது சாதாரண மூக்குவாரில் மட்டும், அதுவும் மூக்கெலும்பின் கெட்டியான பகுதியில், கன்ன எலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே. நாசிக்குப் பக்கத்தில் தாழ்வாக உட்காரும் டிராப் மூக்குவாரிலோ, பிளாஷ் மூக்குவாரின் கீழ்ப்பட்டையிலோ ஒருபோதும் வேண்டாம். அங்கே எலும்பு மெலிசு, மூச்சுப்பாதை அடைபடும். மூக்குவாருக்கும் மூக்கின் மேல்தண்டுக்கும் நடுவில் பெரியவர் விரல் இரண்டு போக வேண்டும் என்பது பழைய விதி. அவரவர் விரல் அவரவர் அளவு என்பதால், எஃப்.இ.ஐ. 2025இலிருந்து போட்டிகளில் இந்த இடைவெளியைச் சோதிக்க ஒரே மாதிரியான அளவுகருவியைக் கொண்டுவந்திருக்கிறது.

போலோவில் கிட்டத்தட்ட எல்லாக் குதிரைகளிலும் இதைப் பார்க்கலாம். பாய்ச்சலிலிருந்து சட்டென்று நிறுத்தித் திருப்பும் விளையாட்டு அது; தலை வீசி எழுந்தால் சவாரியாளரின் முகத்தில் இடிக்கும். அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. எஃப்.இ.ஐ. தடை தாண்டும் போட்டியில் இதற்கு இடமில்லை. தலையை வைத்து முகத்தில் அடிக்கிற பழக்கம் உள்ள குதிரை, சமதளமான மைதானம், புதிதாகப் பழகும் சவாரியாளர்: இந்த மூன்றும் சேர்ந்தால் இதை எடுங்கள். மறைமுக விலை கழுத்தின் அடிப்பக்கத்தில் தெரியும். சில குதிரைகள் வாரின் மேல் சாய்ந்து முட்டிக்கொண்டே ஓடப் பழகும், அடிக்கழுத்துத் தசை புடைக்கும். அதன் பிறகு தலையைத் தூக்கும் பலம் முன்பைவிடக் கூடியிருக்கும்.

## சைட் ரெய்ன்

சைட் ரெய்ன் லஞ்சில் மட்டும் கட்டுவது. குதிரையைக் கயிற்றில் வட்டமாக ஓடவிடும்போது, பிட்டிலிருந்து இரண்டு பக்கமும் வயிற்றுவாருக்கோ சேணத்துக்குப் பதிலாக உடம்பைச் சுற்றிக் கட்டும் சர்சிங்கிள் பட்டைக்கோ போகும் வார்கள். இதோடு தனியாகச் சவாரி போகக் கூடாது. பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்திருக்க, மேலே மாணவர் உட்காரப் பழகும் வகுப்பு வேறு விஷயம். குதிரை மேல் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் வால்டிங்கிலும் சைட் ரெய்ன் உண்டு. அங்கெல்லாம் குதிரை தரையில் நிற்பவரின் பொறுப்பில் இருக்கிறது.

வெறும் தோல், நடுவில் ரப்பர் வளையம் வைத்தது, முழு எலாஸ்டிக் என்று மூன்று விதம். எலாஸ்டிக் மென்மையானது என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். சாய்ந்தால் நீள்கிற ஒன்றின் மேல் குதிரை சாயத்தான் கற்றுக்கொள்ளும். நகராத தோல், இளங்குதிரையின் வாய்க்குக் கடுமை. ரப்பர் வளையம் வைத்தது பரவாயில்லை, ஆனால் கனமான வளையம் ஒவ்வொரு அடிக்கும் ஆடிப் பிட்டைத் தட்டும். இரண்டு பழுதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தோல்தான், ரொம்ப நீளமாக விட்டு.

நீளம்தான் எல்லாம். முதல் நாள் குதிரை இயல்பாக நிற்கும்போது வார் லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும். பழகப் பழக ஒவ்வொரு ஓட்டையாகக் குறைக்கலாம். எந்த நாளிலும் நெற்றியிலிருந்து மூக்குக்குப் போகும் கோடு செங்குத்தைத் தாண்டி உள்ளே மடங்கக் கூடாது. மூக்கு அதற்கு ஒரு கையகலம் முன்னால்தான் இருக்க வேண்டும். உள்ளே மடங்கிய குதிரையில் உச்சிக்குப் பதிலாகக் கழுத்தின் நடுப்பகுதி மிக உயர்ந்த இடமாகத் தெரியும். அதைப் பார்த்து அழகாக வளைந்திருக்கிறது என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது பிட்டிலிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறது.

வரிசையும் முக்கியம். வார் இல்லாமல் ஐந்து பத்து நிமிடம் நடையும் ட்ராட் என்ற மெல்லோட்டமும். பிறகு இரண்டையும் மாட்டியதும் உடனே முன்னால் நடக்கவிடுங்கள், நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். முதல்முறையாக வாயில் எல்லையை உணரும் குதிரை நின்ற இடத்தில் பின்வாங்கும், பின்வாங்கினாலும் வார் விடாது, அடுத்தது எழும்பல்தான். லஞ்ச் கயிற்றைப் பிட்டில் மாட்டாமல், மூக்கின் மேல் வளையம் வைத்த தலைக்கட்டான லஞ்சிங் கேவசனில் மாட்டினால் வாயில் ஒரு இழுப்பு குறையும். வேலை முடிந்ததும் முதலில் சைட் ரெய்னைக் கழற்றிவிட்டு அப்புறம் ஆறப் போடுங்கள். மாட்டியபடியே லாயத்துக்கு நடத்திப் போவதும், தடை தாண்டவிடுவதும் கூடவே கூடாது.

இதன் மறைமுக விலை நேரம். முழு லஞ்சே இருபது நிமிடத்தைத் தாண்டினால் வட்டத்தில் ஓடும் மூட்டுகளுக்குச் சுமை. அந்த இருபது நிமிடமும் தரையில் நிற்பவர் கவனமாக இருந்தாக வேண்டும். கட்டிவிட்டு ஓடட்டும் என்று விடுகிற கருவி இது இல்லை.

## டிரா ரெய்ன்

வயிற்றுவாரில் தொடங்கி, பிட் வளையத்துக்குள் நுழைந்து, சவாரியாளரின் கைக்கு வரும் நீண்ட லகான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷ் பெயரோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். கிணற்றுக் கப்பி வேலை செய்யும் விதம்தான் இதற்கும். உராய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கையில் ஒரு கிலோ இழுப்பு வாயில் ஏறக்குறைய இரண்டு கிலோ.

இழுப்பு இரண்டு மடங்காவது எல்லோரும் சொல்வதுதான். அதன் மறுபக்கத்தைச் சொல்வது குறைவு. வாய்க்குப் பத்து சென்டிமீட்டர் இடம் கொடுக்க வேண்டுமென்றால் கை இருபது சென்டிமீட்டர் லகானை விட வேண்டும். அதாவது பிடிப்பது சுலபம், விடுவது தாமதம். மற்ற எல்லாக் கருவியிலும் குதிரை தலையை இறக்கியதும் தானே விடுதலை பெறும். இதில் நாம் கொடுத்தால்தான் உண்டு. சரியான நொடியில் கொடுக்கத் தெரிந்த கை அபூர்வம். அப்படிப்பட்ட கை இருப்பவருக்குப் பெரும்பாலும் இந்தக் கருவியே தேவைப்படாது.

போட்டாக வேண்டிய நிலைமை வந்தால், சாதாரண லகான் ஒன்று கட்டாயம் கூடவே இருக்க வேண்டும். வேலை அந்த லகானில் நடக்கட்டும். டிரா ரெய்ன் தொய்ந்தே இருந்து, தலை எழும்பும்போது மட்டும் தொடட்டும். வயிற்றுவாரின் பக்கவாட்டில் மாட்டினால் இழுப்பு கொஞ்சம் இதமானது. முன்னங்கால்களுக்கு நடுவே மாட்டினால் தலையை நேராகக் கீழே இழுக்கும், தொய்ந்த வாருக்குள் கால் போகும் ஆபத்தும் அதில்தான். தடை தாண்டவும், வெளியே சவாரி போகவும் இது வேண்டாம்.

கணக்கில் வராத செலவு இதற்குத்தான் அதிகம். கழுத்து மடங்கியிருக்கும், பின்னங்கால்கள் சோம்பலாக இழுபடும், முதுகு வேலையே செய்யாது. கழற்றிய அன்று தலை பழைய இடத்துக்கே போகும்.

## சாம்பான்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுவாரிலிருந்து வரும் கயிறு உச்சியில் இருக்கும் வளையங்கள் வழியாக ஏறி, கன்னத்தோரமாக இறங்கிப் பிட்டில் சேரும். தலை தூக்கினால் உச்சியிலும் உதட்டோரத்திலும் அழுத்தம். இறக்கினால் உடனே போகும், மூக்கு தரையைத் தொடும்வரை எந்தத் தடையும் இல்லை. விடுதலை என்ற அளவுகோலில் இது நல்ல மதிப்பெண் வாங்கும். லஞ்சில் மட்டும், முதலில் மிக நீளமாக, மிரளும் குதிரைக்கு அனுபவசாலி கையில் மட்டும். மெல்ல மெல்லப் பழக்கினால் முதுகை நீட்டி இளக்கக் கற்றுக்கொடுக்கும்.

## ஒரே பார்வையில்

| கருவி | அழுத்தம் விழும் இடம் | விடுவிப்பது யார் | எங்கே பயன்படுத்தலாம் | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| ரன்னிங் மார்ட்டிங்கேல் | வாய் (லகான் வழியாக) | குதிரையும் கையும் | சவாரி, தடை தாண்டல் | வளையம் கொக்கியில் மாட்டுவது |
| ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் | மூக்கெலும்பு | குதிரை மட்டும் | சமதளச் சவாரி, போலோ | இடறும்போதும் நீந்தும்போதும் தலை எழாதது |
| சைட் ரெய்ன் | வாய் | குதிரை மட்டும் | லஞ்ச் | பின்வாங்கி மல்லாந்து விழுவது |
| டிரா ரெய்ன் | வாய், இரு மடங்கு | கை மட்டும் | தேர்ந்தவரோடு சமதளப் பயிற்சி | விடத் தாமதமாவது, கால் சிக்குவது |
| சாம்பான் | உச்சி, உதட்டோரம் | குதிரை மட்டும் | லஞ்ச் | முதல் நாள் மிரட்சி |

## உங்கள் நிலைமைக்கு எது

தடை தாண்டவோ வெளியே சுற்றவோ போகும் குதிரை, எப்போதாவது தலை வீசும் என்றால் ரன்னிங் மார்ட்டிங்கேல், நீளமாக. இளங்குதிரைக்கு வாயில் நிலையான தொடர்பைப் பழக்க வேண்டும், கூட நிற்க ஆளும் இருக்கிறார் என்றால் சைட் ரெய்ன். முதுகு இறுகிப்போய்த் தலை தூக்கும் குதிரைக்குச் சாம்பான் தெரிந்த ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மேட்டில் நீண்ட லகானோடு நடைச் சவாரி அதே வேலையை மெதுவாகச் செய்யும். புதிதாகப் பழகும் சவாரியாளர் தடுமாறி லகானைப் பிடித்துக்கொள்கிறார் என்பதே சிக்கலென்றால், மார்ட்டிங்கேலை விட்டுவிட்டு வெறும் கழுத்துவார் ஒன்றைப் போடுங்கள். சமநிலை தவறும்போது அவர் பிடித்துக்கொள்ள அது போதும், குதிரையின் வாய் தப்பிக்கும். டிரா ரெய்னை யாருக்கும் முதல் யோசனையாக நான் சொல்ல மாட்டேன்.

குதிரையின் நடையையும் கீழ்ப்படிதலையும் மதிப்பிடும் டிரெஸாஜ் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை எதற்கும் அந்த மைதானத்துக்குள் அனுமதி கிடையாது. எனவே வாரத்தில் பாதி நாளாவது எதையும் கட்டாமல் சவாரி செய்து பாருங்கள். கட்டிய நாளுக்கும் கட்டாத நாளுக்கும் நடையில் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தால் கருவி வேலை செய்கிறது. மூன்று நான்கு வாரம் கழித்தும் வித்தியாசம் அப்படியே இருந்தால் கருவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பல், முதுகு, சேணம் என்ற வரிசையில் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஏறுவதற்கு முன் தையல், கொக்கி, ரப்பர் தடுப்பு மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வயிற்றுவாரை இறுக்கிய பிறகுதான் எந்த வாரின் நீளத்தையும் முடிவு செய்ய வேண்டும். சில நிமிடம் நடந்த பிறகு வயிற்றுவார் தளரும், அதோடு மார்ட்டிங்கேலின் நீளமும் மாறும். இறங்கி இரண்டையும் இன்னொருமுறை சரிபாருங்கள்.